மூட்டு ஆபரேஷனும் முன்கூட்டிச் சொல்றதும் - கொஞ்சம் வரலாறு



கொஞ்சம் பெரிய பதிவு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க :-)

மூட்டு மாற்று ஆபரேஷன் எப்படிப் பண்றாங்கன்னு படம் போட்டு விளக்குற பக்கங்கள் நிறைய இருக்கு. நான் தேடிப் படிச்சது வேற. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நோயாளிகிட்ட என்ன சொன்னாங்க, அவரை எப்படித் தயார் பண்ணாங்க, எங்க சொல்லாம விட்டாங்க, விட்டதால என்ன ஆச்சு. இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அதுல ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம வேலூர்லயே நடந்திருக்கு. நான் டாக்டர் இல்ல, பெங்களூர்ல பொட்டி தட்டற ஆளு. ஆனா எங்க சொந்தத்துல மட்டும் மூணு பேர் காலுக்குள்ள உலோகத்தோட நடமாடறாங்க. அதனால வந்த ஆர்வம்னு வச்சுக்கோங்க.

எண்ணெயும் கட்டும்

எங்க ஊர் நாங்குநேரி. திருநெல்வேலில இருந்து நாகர்கோவில் போற ரோட்டுல ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வானமாமலைப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. பெருமாளுக்குத் தினமும் எண்ணெய்க்காப்பு உண்டு. அந்த எண்ணெயைக் கோயில்ல ஒரு கிணத்துல சேர்த்து வைப்பாங்க. எண்ணெய்க் கிணறுன்னே அதுக்குப் பேர். அது நோய்க்கு மருந்து, முக்கியமா தோல் வியாதிக்கு மருந்துன்னு காலங்காலமா நம்பிக்கை. எங்க ஆச்சி முட்டு வலிக்கும் அதைத்தான் தேய்ப்பா. (எங்க பக்கம் முழங்காலை முட்டுன்னுதான் சொல்வோம்.)

எண்ணெய்க்கு அடுத்தது கட்டு. தமிழ்நாட்டுல எந்த ரோட்டுல போனாலும் 'புத்தூர் கட்டு' போர்டு பார்த்திருப்பீங்க. ஆந்திராவுல திருத்தணிக்கு அந்தப் பக்கம் இருக்கற புத்தூர்ல 1880-கள்ல ஒரு குடும்பம் ஆரம்பிச்ச எலும்பு வைத்தியம் அது. அந்தப் பேரு பிரபலமாகி, புத்தூர் எந்தத் திசைன்னு தெரியாதவங்களும் போர்டு மாட்டிக்கிட்டாங்க. தெக்க வந்தா வர்ம வைத்தியர்கள் வேற.

இந்த வைத்தியத்துல நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இறுக்கிக் கட்டின கட்டால ரத்த ஓட்டம் நின்னு கையையே எடுக்க வேண்டி வந்த கேஸ் எல்லாம் எலும்பு டாக்டர்களுக்கு நல்லாத் தெரியும். ஆனாலும் சனம் ஏன் அங்க போகுது? காசு கம்மி, பயம் கம்மி, அதெல்லாம் சரி. இன்னொரு காரணம் இருக்குன்னு எனக்குத் தோணும். அந்த வைத்தியர் பேசுவார். "மூணு கட்டு. ஒரு கட்டுக்கு இத்தனை நாள். மொத நாலு நாள் குத்தும், பயப்படாதீய. இதைத் திங்காதீய, அதைத் திங்கலாம்." வந்தவனுக்குத் தன் உடம்புக்கு என்ன நடக்கப் போகுதுன்னு ஒரு கணக்கு கிடைச்சிடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா கிடைக்கறது ஒரு ஃபாரமும் ஒரு பேனாவும் :-(

எல்லா ஆஸ்பத்திரியும் எப்பவும் இப்படியே இருந்ததில்ல. அதுக்கு வேலூர் போகணும்.

வேலூர், 1947: முதல்ல பயிற்சி, அப்புறம் கத்தி

பால் பிராண்ட். 1914-ல கொல்லிமலையில ஒரு மிஷனரி குடும்பத்துல பிறந்தவர். லண்டன்ல சர்ஜரி படிச்சுட்டு 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அவரைக் கூப்பிட்டவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். 1947-ல காக்ரேன் அவரைச் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க விரல் மடங்கிப் போன ஒருத்தரோட கையைப் பிராண்ட் பிடிச்சுப் பார்க்கறார். நோயாளி திருப்பிப் பிடிச்ச பிடியில பிராண்டுக்குக் கை வலிச்சுப் போச்சு. அதாவது விரல் கொக்கி மாதிரி மடங்கியிருக்கு, ஆனா பிடிக்கிற பலம் அப்படியே இருக்கு!

அதுல இருந்து அவர் பிடிச்ச நூல் இது. தொழுநோய் சில நரம்புகளைத்தான் அடிக்குது. உள்ளங்கையில இருக்கற சின்னத் தசைகள் செத்துப் போயிடுது. முன்கையில இருக்கற பெரிய தசைகள் பல நேரம் நல்லாவே இருக்கு. அப்ப நல்ல தசையோட தசைநாணை வழி மாத்தி விரலுக்குக் கொண்டு வந்து இணைச்சா? 1948-ல வேலூர்ல அந்த ஆபரேஷனை ஆரம்பிச்சாங்க. போலியோவுக்கும் காயத்துக்கும் வேற நாடுகள்ல இந்த மாதிரி ஏற்கனவே பண்ணியிருக்காங்க. தொழுநோய்க்கு யாரும் இதை முறையாப் பண்ணிப் பார்த்ததில்ல.

இனிமேதான் நம்ம மேட்டர். இந்த ஆபரேஷனை, வந்த அன்னிக்கே படுக்க வச்சுப் பண்ண முடியாது. ரெண்டு காரணம்.

ஒண்ணு, வருஷக்கணக்கா மடங்கிக் கிடந்த விரல் மூட்டு இறுகிப் போயிருக்கும். இறுகின மூட்டுல எந்தத் தசைநாணைக் கட்டினாலும் அசையாது. அதனால முதல்ல மெழுகு ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு, கொஞ்சம் கொஞ்சமா நீட்டி மாவுக்கட்டுன்னு மூட்டை இளக்கணும்.

ரெண்டாவது இன்னும் முக்கியம். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தத் தசையோட வேலையே மாறுது. நம்ம பாஷையில சொன்னா வயரைப் பிடுங்கி வேற போர்ட்டுல சொருகியாச்சு, மூளையில இருக்கற புரோகிராம் பழசு. எந்தத் தசையை மாத்தப் போறாங்களோ அதை மட்டும் தனியா அசைக்க நோயாளி ஆபரேஷனுக்கு முன்னாடியே பழகணும். அப்பதான் கட்டைப் பிரிச்ச அன்னிக்கு 'அந்தப் பழைய அசைவைப் பண்ணு' ன்னு சொன்னதும் அவரால பண்ண முடியும். அவர் பழைய அசைவை நினைப்பார், புது அசைவு நடக்கும். அதனால வேலூர்ல பிசியோதெரபிஸ்ட் சர்ஜனுக்குச் சமமான ஆள். நோயாளி நிலையோ அதைவிட விசேஷம். ஆபரேஷன்ல பாதி வேலையை அவர்தான் பண்ணியாகணும். ஒருத்தர்கிட்ட பாதி வேலையைக் கொடுக்கணும்னா என்ன வேலைன்னு சொல்லியாகணும் இல்லையா?

அடுத்த பாடம் இன்னும் கசப்பு. நல்லபடியா சரியான கையோட வீட்டுக்குப் போனவங்க சிலர் திரும்பி வந்தாங்க. வீட்டுல ஏத்துக்கலை, யாரும் வேலை கொடுக்கலை. முன்னாடி மடங்கின கையைக் காட்டிப் பிச்சையாவது எடுத்தோம், இப்ப இந்த நல்ல கைக்கு அதுவும் விழ மாட்டேங்குதுன்னு சொன்னாங்க. கை சரியானதும் எல்லாம் சரியாயிடும்னு நினைச்ச டாக்டர்களுக்கு இது பெரிய அடி. 1951-ல சி.எம்.சி. வளாகத்துலயே 'நவ ஜீவ நிலையம்' னு சின்னச் சின்ன வீடுகளா கட்டினாங்க. ஆபரேஷன் ஆனவங்க அங்க தங்கி, புதுக் கையை வச்சு மரவேலை மாதிரி தொழில் கத்துக்கிட்டாங்க. உணர்ச்சி இல்லாத கையில சுட்டாலும் வெட்டுப்பட்டாலும் தெரியாது. அதனால தினமும் கை காலைச் சோதிச்சுப் பார்க்கற பழக்கத்தைக் கத்துக் கொடுத்தாங்க. ராத்திரியில விரல் துண்டா காணாமப் போகுதேன்னு காவல் இருந்து பார்த்தப்ப எலி கடிச்சுட்டுப் போறது தெரிஞ்சது. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போறவங்ககிட்ட ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினாங்க. பூனையும் வைத்தியத்துல சேர்த்திதான் :-)

இந்த ஆபரேஷன்ல செயற்கை மூட்டு ஒண்ணும் வைக்கலை. ஆனா இன்னிக்கு முட்டு ஆபரேஷனுக்கு அப்படியே பொருந்தற பாடம் இதுல இருக்கு. ஆபரேஷன் தியேட்டர்ல நடக்கறது ரெண்டு மணி நேரம். அதுக்கு முந்தின சில வாரமும் பிந்தின சில மாசமும் நோயாளி கையிலதான் இருக்கு.

சொந்தத் தொடையில ஊசி

வேலூர்ல இருந்து இங்கிலாந்துக்கு ஒரு தாவல். செயற்கை மூட்டு வைக்கற முயற்சி 1890-லயே பெர்லின்ல நடந்திருக்கு. தெமிஸ்டோக்ளஸ் குளுக்னு ஒரு சர்ஜன், காசநோய் பிடிச்ச முட்டுல யானைத் தந்தத்துல கீல் செஞ்சு வச்சார். கிருமித் தொற்றால நிலைக்கலை. அதுக்கப்புறம் கண்ணாடி, ஸ்டீல்னு பலரும் பலதை முயற்சி பண்ணாங்க. இன்னிக்கு நாம பார்க்கற இடுப்பு மூட்டு மாற்றுக்கு அப்பான்னு சொல்லப்படறவர் ஜான் சார்ன்லி. இடம், ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி. முன்னாடி அது காசநோய் ஆஸ்பத்திரி.

சார்ன்லி 1950-கள் கடைசில தொடை எலும்போட தலைக்குச் சின்ன உலோகக் குண்டும், அது உக்கார்ற கிண்ணத்துக்கு டெஃப்லானும் வச்சுப் பார்த்தார். நம்ம தோசைக்கல்லுல இருக்கே, அதே டெஃப்லான். நோயாளிங்க எழுந்து நடந்தாங்க, ஒரே சந்தோஷம். ஆனா ரெண்டு மூணு வருஷத்துல கிண்ணம் தேய்ஞ்சு, தேய்ஞ்ச தூள் சுத்தியிருக்கற எலும்பையும் சதையையும் கெடுத்துடுச்சு. ஏறக்குறைய 300 பேருக்கு வச்சாச்சு. பெரிய தோல்வி.

1962-ல ஒரு விற்பனையாளர், இயந்திரத்துப் பல்சக்கரத்துக்குப் பயன்படற பாலிஎத்திலீன் துண்டு ஒண்ணைக் கொண்டு வந்தார். சார்ன்லி வேண்டாம்னுட்டார். அவரோட டெக்னீஷியன் ஹாரி கிரேவன் கேக்காம அதைச் சோதனை மெஷின்ல மாட்டி ஓட விட்டார். தேயவே இல்ல! (டெஸ்டிங் டீம்ல இருக்கற நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.) இந்தத் தடவை சார்ன்லி அவசரப்படலை. டெஃப்லான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தன்னோட சொந்தத் தொடையிலயே செலுத்திக்கிட்டார். டெஃப்லான் போன இடம் கட்டி மாதிரி வீங்குச்சு, இன்னொண்ணு சும்மா இருந்தது. 1962 நவம்பர்ல முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு மனுஷ உடம்புக்குள்ள போச்சு. இன்னிக்கு இடுப்புலயும் முட்டுலயும் வைக்கற பிளாஸ்டிக், அதே பாலிஎத்திலீனோட மேம்படுத்தின வகைதான்.

இதுல எனக்குப் பிடிச்சது வேற ஒரு விஷயம். சார்ன்லி தன் நோயாளிங்ககிட்ட ஒரு ஒப்புதல் கேட்டார். நீங்க இறந்த பிறகு இந்த மூட்டை எடுத்து, எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பார்க்க அனுமதிக்கணும்னு. நிறையப் பேர் சரின்னாங்க. யோசிச்சுப் பாருங்க, ஆபரேஷனுக்கு வந்தவர்கிட்ட சாவைப் பத்திப் பேச எவ்வளவு நேர்மை வேணும்! அது தேயும், அதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்னு ஆரம்பத்துலயே சொல்லாம இப்படி ஒரு ஒப்புதலைக் கேக்க முடியாது. அவர்கிட்ட வந்து கத்துக்காத சர்ஜன்களுக்கு அந்தச் சாமானை விக்கக் கூடாதுன்னும் ரொம்ப நாள் கம்பெனியைக் கட்டுப்படுத்தி வச்சிருந்தார்.

பாஸ்டன்ல ஒரு ராத்திரி

சொல்றதால என்ன பிரயோஜனம்னு யாராவது அளந்து பார்த்தாங்களா? பார்த்தாங்க. 1964-ல அமெரிக்காவுல, பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில லாரன்ஸ் எக்பர்ட்னு ஒரு மயக்க மருந்து டாக்டரும் அவர் கூட்டாளிகளும். வயித்து ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு வழக்கம் போல. இன்னொரு பாதிகிட்ட முந்தின ராத்திரி டாக்டர் போய் உக்காந்து, எங்க வலிக்கும், எவ்வளவு நாள் வலிக்கும், வலி ஏன் வருது, தசையை எப்படித் தளர்த்தணும், எப்படித் திரும்பிப் படுக்கணும்னு விளக்கினார். யாருக்குச் சொன்னாங்க, யாருக்குச் சொல்லலைன்னு சர்ஜன்களுக்குத் தெரியாது. முடிவு: சொல்லி வச்சவங்களுக்கு வலி மருந்து பாதி அளவே தேவைப்பட்டுச்சு. சராசரியா 2.7 நாள் முன்னாடி வீட்டுக்குப் போனாங்க. செலவு? ஒரு டாக்டரோட கொஞ்ச நேரம்.

அதுக்கப்புறம் மேல்நாட்டுல ஆபரேஷனுக்கு முன்னாடி பாடம் எடுக்கறது வழக்கமாச்சு. 1990-கள்ல டென்மார்க்ல ஹென்ரிக் கெலெட்னு ஒரு சர்ஜன், ஆபரேஷன் ஆனவங்களைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வச்சு வீட்டுக்கு அனுப்பற முறையைக் கொண்டு வந்தார். அதுல முதல் படியே முன்கூட்டிச் சொல்றதுதான். மூட்டு ஆபரேஷனுக்குன்னே வகுப்பு நடத்தி, வாக்கர் பிடிச்சு நடக்க முன்னாடியே பழக்கி விடற ஆஸ்பத்திரிகள் வந்தது.

நேர்மையா மறுபக்கத்தையும் சொல்லணும். 2014-ல காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (செங்கல்பட்டு காக்ரேன் இல்ல, இது வேற) இடுப்பு, முட்டு மாற்றுக்கு முன்னாடி பாடம் எடுக்கறதைப் பத்தின 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச்சு. வலியிலயும் நடக்கறதுலயும் பெருசா கூடுதல் பலன் தெரியலைன்னு முடிவு. அப்ப எல்லாம் வேஸ்ட்டா? நான் புரிஞ்சுக்கிட்டது இது. அந்த ஆய்வுகள் ஒப்பிட்டது 'வழக்கமான கவனிப்பு' கூட. அந்த நாடுகள்ல வழக்கமான கவனிப்புலயே எல்லாருக்கும் ஓரளவு சொல்லிடுவாங்க. ஏற்கனவே தெரிஞ்சவனுக்கு இன்னொரு கையேடு கொடுத்தா என்ன பெரிய வித்தியாசம் வரப் போகுது? ஒண்ணுமே சொல்லாத இடத்துல கதை வேற.

அந்தக் கதை எங்க வீட்டுலயே இருக்கு. எங்க பெரியம்மாவுக்கு நாலு வருஷம் முன்ன வலது முட்டுல ஆபரேஷன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். டாக்டர் பேசினதெல்லாம் அண்ணன்கிட்ட, அதுவும் பாதி இங்கிலீஷ்ல. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வீட்டுக்கு வந்த பெரியம்மா ஒரு மாசம் காலை நீட்டியே வச்சிருந்தாங்க. நான் லீவுல போனப்ப கேட்டேன். "எய்யா, மடக்குனா தையல் பிரிஞ்சிரும்லா? அந்தப் பயத்துல நீட்டியே வச்சிட்டேன். மடக்கணும்னு முன்னயே ஒருத்தரும் சொல்லலியே. சொல்லியிருந்தா வலியப் பொறுத்துக்கிட்டு மடக்கியிருப்பேனே." டிஸ்சார்ஜ் பேப்பர்ல பயிற்சி எழுதியிருந்தது, இங்கிலீஷ்ல, ஒரே ஒரு வரி.

முட்டு மாற்றுல முதல் சில வாரம் மடக்கி நீட்டாம விட்டா உள்ள தழும்பு இறுகிடும். நாற்காலில ஒழுங்கா உக்கார 90 டிகிரி மடங்கணும். பெரியம்மாவுக்கு அவ்வளவு வரலை. இன்னிக்கும் பஸ்ல காலை நீட்டி உக்காரத் தோதா சீட் தேடறாங்க. வச்ச சாமான்ல குறையில்ல, ஆபரேஷன்லயும் குறையில்ல. ஒரு பத்து நிமிஷப் பேச்சு நடக்கலை, அவ்வளவுதான்.

பிரதமர் முட்டு

இந்தியாவுல சாதாரண சனத்துக்கு முட்டு மாற்றுன்னா என்னன்னு பெரிய அளவுல தெரிய வந்தது 2000-லன்னு சொல்லலாம். பிரதமர் வாஜ்பாய்க்கு அக்டோபர் 2000-ல மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில இடது முட்டு, ஜூன் 2001-ல வலது முட்டு. நான் அப்ப நடை பழகின வயசு, அப்பா சொல்லித்தான் தெரியும். டீக்கடையில பேப்பரைப் பார்த்துட்டு எல்லாரும் முட்டு டாக்டர் ஆயிட்டாங்களாம் :-)

ஆபரேஷன் பண்ணவர் சித்தரஞ்சன் ரணவத். இந்தூர்ல டாக்டருக்குப் படிச்சு நியூயார்க் போனவர். 1970-கள்ல ஜான் இன்சால், பீட்டர் வாக்கர் கூடச் சேர்ந்து 'டோட்டல் காண்டைலர்' முட்டை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். இன்னிக்கு வைக்கற பெரும்பாலான முட்டுகளுக்கு அதுதான் மூதாதை.

இங்க ஒரு தப்பான எண்ணத்தைச் சரி பண்ணிடுவோம். 'மாற்று' ங்கற வார்த்தையைக் கேட்டதும் முட்டை மொத்தமா வெட்டி எடுத்துட்டு வேற ஒண்ணை மாட்டுவாங்கன்னு ஊர்ல நினைக்கறாங்க. அப்படி இல்ல. தேய்ஞ்ச எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிட்டு, தொடை எலும்பு முனைக்கு ஒரு உலோக உறை, கீழ்க்கால் எலும்பு மேல ஒரு தட்டு, நடுவுல பாலிஎத்திலீன். பல்லுக்குத் தொப்பி போடற மாதிரின்னு வச்சுக்கலாம். தசை, பக்கவாட்டுத் தசைநார் எல்லாம் உங்களோடதுதான். அதனாலதான் தொடைத் தசைக்கு முன்னாடியே பலம் ஏத்திக்கச் சொல்றாங்க. இந்த ஒரு பத்தியை ஆச்சிகளுக்குச் சொன்னாலே பாதி பயம் போயிடும்.

4,700 பேர்

இப்ப இருட்டான பகுதி. ஜான்சன் அண்டு ஜான்சனோட டெப்யூ கம்பெனி ஏ.எஸ்.ஆர்.னு ஒரு இடுப்பு மூட்டு கொண்டு வந்துச்சு. குண்டும் உலோகம், கிண்ணமும் உலோகம். உலோகம் உலோகத்துல உரசி கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்துல கலந்துச்சு, சுத்தியிருக்கற சதை கெட்டுச்சு. பலருக்கு மறுபடி ஆபரேஷன். ஆஸ்திரேலியாவுல 2009 கடைசிலயே சந்தையில இருந்து எடுத்தாங்க. 2010 ஆகஸ்ட்ல உலகம் பூரா திரும்பப் பெற்றாங்க.

இந்தியாவுல அதை வச்சுக்கிட்டவங்க ஏறக்குறைய 4,700 பேர். 2017-ல மத்திய அரசு ஒரு நிபுணர் குழு போட்டுச்சு. 2018-ல வெளிய வந்த அறிக்கைப்படி அதுல 3,600 பேர் வரைக்கும் எங்க இருக்காங்கன்னே கண்டுபிடிக்க முடியலை. பாதிக்கப்பட்டவங்களுக்குக் குறைஞ்சது 20 லட்சம் கொடுக்கணும்னு குழு சொன்னது அப்புறம். எனக்கு அந்த 3,600-தான் தூக்கத்தைக் கெடுத்த நம்பர். தன் இடுப்புக்குள்ள இருக்கறது எந்தக் கம்பெனி, எந்த மாடல்னு தெரியாம எத்தனை பேர்? பைக்ல பிரேக் கோளாறுன்னா நம்பரை வச்சுக் கூப்பிட்டுச் சரி பண்ணித் தர்றான். உடம்புக்குள்ள வச்சதுக்கு அந்த விவரம் நோயாளி கையில இல்ல. சார்ன்லி செத்த பிறகும் மூட்டைத் தொடர்ந்து போக ஏற்பாடு பண்ணார். இங்க உயிரோட இருக்கறவங்களையே தொலைச்சுட்டோம்.

கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு முட்டு சாமானுக்கு உச்சவிலை வச்சுது. அதுவரை சராசரியா 1,58,324 ரூபாய் இருந்த சாதாரண கோபால்ட்-குரோமியம் முட்டு, ஜி.எஸ்.டி. சேர்க்காம 54,720 ரூபாய்க்கு வந்துச்சு. அதோட கூட, பில்லுல சாமானோட விலை, பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் நம்பர் எல்லாம் தனியா காட்டணும்னும் சொன்னாங்க. விலை குறைஞ்சதைப் பத்திதான் எல்லாரும் பேசினோம். பேட்ச் நம்பர்தான் எனக்குப் பெருசாத் தெரியுது.

கையெழுத்து யாருது?

16 ஜனவரி 2008-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லுச்சு. சமீரா கோலி வழக்கு. டெல்லியில ஒரு பொண்ணு 1995-ல வயித்துக்குள்ள என்னன்னு பார்க்கற சோதனைக்காகக் கையெழுத்துப் போட்டாங்க. மயக்கத்துல இருக்கும்போது, வெளிய இருந்த அம்மாகிட்ட ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. அம்மா கொடுத்தது செல்லாதுன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. வயசு வந்த, சுய நினைவு திரும்பப் போற மனுஷிக்காக இன்னொருத்தர் முடிவு எடுக்க முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்துன்னா மட்டும் வேற. என்ன பண்ணப் போறோம், எதுக்கு, என்ன ஆபத்து, வேற வழி உண்டா, பண்ணாம விட்டா என்ன ஆகும்னு டாக்டர் நோயாளிக்கே சொல்லணும்.

இது மூட்டு வழக்கு இல்ல. ஆனா நம்ம ஊர் முட்டு ஆபரேஷன்கள் எப்படி நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. மகன் சென்னையில, மக அமெரிக்காவுல. வாட்ஸப்ல எக்ஸ்ரே போகுது, தேதி முடிவாகுது. அம்மாவுக்குச் சொல்றது கடைசியா, "சும்மா சின்ன ஆபரேஷன்மா, ரெண்டு நாள்ல நடந்துருவீய". பயப்படக் கூடாதுங்கற பாசம்தான், இல்லைங்கல. ஆனா அந்தப் பாசத்துல மறைச்சதுக்குப் பெரியம்மா மாதிரி ஆளுங்க காலால விலை கொடுக்கறாங்க. பாதி வேலை பண்ண வேண்டிய ஆளுக்கு வேலை என்னன்னே தெரியலை.

போறதுக்கு முன்னாடி கேட்டுட்டுப் போங்க

வீட்டுல யாருக்காவது முட்டோ இடுப்போ பண்றதா இருந்தா, நான் படிச்சதுலயும் பார்த்ததுலயும் இருந்து சில. (மருத்துவ முடிவெல்லாம் உங்க டாக்டர்தான், நான் கேள்விதான் எழுதித் தர்றேன்.)

- நோயாளியையும் பக்கத்துல வச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட பேசுங்க. தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. பேசி முடிச்சதும் அவங்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, என்ன புரிஞ்சிருக்குன்னு தெரியும்.
- இப்பவே பண்ணணுமா? எடை, பயிற்சி, மருந்துன்னு இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட முடியுமா?
- ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன பயிற்சி? அதைப் பிசியோதெரபிஸ்ட் முன்கூட்டியே வந்து காட்டுவாங்களா?
- சர்க்கரை, சொத்தைப் பல், கால்ல புண், சிறுநீர்த் தொற்று எதுவும் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. கிருமி போய் மூட்டுல உக்காந்துச்சுன்னா பெரிய சிக்கல். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா அதையும் சொல்லணும்.
- முதல் வாரம் எவ்வளவு வலிக்கும்? வலியோடவே மடக்கணுமா? எத்தனை நாள்ல எத்தனை டிகிரி?
- வீடு தயாரா? பாயில படுக்கறது, சம்மணம் போட்டு உக்காரறது, இந்தியன் டாய்லெட் இதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் பொதுவா வேண்டாம்பாங்க. கோலம் போட, அரிவாமணையில காய் நறுக்கக் குத்த வைக்க முடியாதுன்னு முன்னாடியே தெரிஞ்சா அவங்க மனசும் தயாராகும். டாய்லெட்டை மாத்தற கொத்தனார் வேலை ஆபரேஷனுக்கு முன்னாடி முடியணும்.
- வைக்கற சாமானோட பெட்டியில ஸ்டிக்கர் வரும். கம்பெனி, மாடல், லாட் நம்பர் எல்லாம் அதுல இருக்கும். அதுல ஒரு பிரதி கேட்டு வாங்கி ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வைங்க. போட்டோ எடுத்துப் பிள்ளைங்க எல்லாருக்கும் அனுப்பிடுங்க.
- அரசு ஆஸ்பத்திரிகள்லயும் மூட்டு மாற்று பண்றாங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருமான்னு அங்கேயே விசாரிங்க.

வேலூர்ல அன்னிக்கு வந்த நோயாளிங்க பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஊரே ஒதுக்கி வச்சவங்க. அவங்களுக்கே எந்தத் தசை எங்க போகுதுன்னு புரிய வச்சு, அசைக்கப் பழக்கி, அப்புறம்தான் கத்தியை எடுத்தாங்க. அதனால 'கிராமத்து ஆளுங்களுக்குச் சொன்னா புரியாது' ன்னு இனிமே யாராவது சொன்னா நான் நம்பறதா இல்ல.

உங்க வீட்டுல யாருக்காவது மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்தா, முன்னாடியே என்ன சொன்னாங்க, என்ன சொல்லியிருக்கலாம்னு பின்னூட்டத்துல எழுதுங்க. நம்ம பதிவர்கள்ல எலும்பு டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ இருந்தா, மேல இருக்கற பட்டியல்ல விட்டுப் போனதைச் சேர்த்து விடுங்க. நல்லபடியா சேர்ந்ததும் பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு எங்க தெருவுல கொடுக்கலாம்னு ஒரு ஐடியா இருக்கு. பெரியம்மாவுக்கு அடுத்தது இடது முட்டு பண்ணணுமாம். முதல் பிரதி அவங்களுக்குத்தான்.